சுழியோடிவிட்டு வந்து காது அடைத்தால், கொழும்பில் யாரிடம் போவது?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்கிசைக் கடலில் இருந்து ஏறி வந்தபோது என் இடது காதுக்குள் தண்ணீர் நின்றுவிட்டது போல இருந்தது. தலையைச் சரித்துத் தட்டினேன். ஒற்றைக் காலில் துள்ளினேன். வீட்டுக்கு வந்து மூக்கைப் பொத்தி ஊதியும் பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வரவும் மாட்டாது, ஏனென்றால் அங்கே கடல் தண்ணீரே இருக்கவில்லை. இது எனக்கு விளங்க நாலு நாள் பிடித்தது.

அந்த நாலு நாளுக்குள் வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டொக்டர் ஒருவரிடம் போனேன். "காது அடைச்சிருக்கு டொக்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் லைட் அடித்துப் பார்த்து, குறும்பி இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதித் தந்தார். முதல் நாள் கடலுக்கு அடியில் போய் வந்தேன் என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. காது அடைப்பு என்று வருகிறவர்களில் சுழியோடி வந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர் ஏன் கேட்கப் போகிறார்! சொல்லாமல் விட்டது என் பிழை.

புதிதாக ஸ்கூபா பழகுகிற ஆட்கள் என்னிடம் கேட்பது, "கொழும்பில டைவிங் காதுக்கென்று தனியா டொக்டர் இருக்கிறாரா?" என்றுதான். பெரும்பாலான காதுக்கு அப்படி ஒருவர் தேவையில்லை. நல்ல காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவர் போதும். ஆனால் எந்தக் காதை இன்றிரவே காட்ட வேண்டும், எது இரண்டு நாள் பொறுக்கும், எது காது டொக்டரிடமே போகாமல் நேரே வேறு இடத்துக்குப் போக வேண்டியது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே ஒரு கேள்விதான் பிடி: எப்போது தொடங்கியது? இறங்கும்போதா, ஏறும்போதா, ஏறி வந்த பிறகா, அடுத்த நாளா?

நுவரெலியா பஸ்ஸும் 2 மீற்றர் கடலும்

நுவரெலியாவில் இருந்து பஸ்ஸில் கீழே இறங்கி வரும்போது றம்பொடைப் பக்கம் காது அடைக்குமே, அதுதான் இது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பஸ் இறங்க இறங்க வெளியே அழுத்தம் கூடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் மாட்டிக்கொண்ட காற்றோ பழைய அழுத்தத்திலேயே நிற்கிறது. செவிப்பறை உள்ளுக்கு வளைகிறது, அதைத்தான் அடைப்பு என்கிறோம். ஒரு கொட்டாவி விட்டால், எச்சிலை விழுங்கினால், 'டிக்' என்று திறக்கும்.

திறப்பது, நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கிற ஒரு சின்னக் குழாய். பள்ளிக்கூடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்திருப்போம். நீளம் மூன்றரை சென்ரிமீற்றர் அளவுதான். சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும், விழுங்கும்போது கணநேரம் திறக்கும்.

இப்போது கடலுக்கு வாருங்கள். தண்ணீர் பாரமானது. 10 மீற்றர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், காற்று பாதியாகச் சுருங்கிவிடும். நுவரெலியாவில் இருந்து கொழும்புக்கு வருகிறவரை பஸ்ஸுக்குள் உங்கள் காது சந்திக்கிற மொத்த மாற்றமும், கடலில் வெறும் 2 மீற்றர் ஆழம். பஸ் அதற்கு ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கிறது. சுழியோடி சில செக்கனில் தாண்டிவிடுகிறார். அதனால்தான் காது பிரச்சினை பெரும்பாலும் ஆழ்கடலில் நடப்பதில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கிய முதல் சில மீற்றருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நீச்சல் தடாகத்தின் ஆழமான பக்கத்தில்கூட நடக்கும்.

ஒன்றரை மீற்றர் அளவுக்கு ஈக்வலைஸ் பண்ணாமல், அதாவது விழுங்கியோ மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதியோ நடுக்காதின் அழுத்தத்தைச் சமப்படுத்தாமல், இறங்கிவிட்டால் அந்தக் குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது, மேலே ஏறித்தான் திறக்க வேண்டும். மன்னார்ப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கும் முத்துக் குளித்தவர்களுக்கும் இந்தக் குழாயின் பெயர் தெரிந்திருக்காது. தடிமன் பிடித்த காதோடு இறங்கக்கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். எனக்கு அன்று தடிமன். காசு கட்டியாயிற்றே என்று இறங்கினேன்.

எப்போது தொடங்கியது?

*இறங்கும்போது குத்தி, வந்த பிறகு அடைத்திருந்தால்* அது பெரும்பாலும் நடுக்காது. உள்ளே குறைந்த அழுத்தம் சுற்றியுள்ள மென்மையான தோலில் இருந்து நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். என் காதில் தேங்கியிருந்தது இதுதான். மாஸ்க்குக்குள் மூக்கால் கொஞ்சம் இரத்தம் வந்திருக்கும், காது மந்தமாகக் கேட்கும், விழுங்கும்போது கிளிக் என்று ஒரு சத்தம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை. ஓரிரு நாளுக்குள் காட்டினால் போதும். அதுவரை தண்ணீருக்குள் இறங்கக்கூடாது.

இறங்கும்போது வலி உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்று, தலை சுற்றியதா? செவிப்பறை கிழிந்திருக்கலாம். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் இதில் ஏமாற்று. தண்ணீர் நடுக்காதுக்குள் போனதும் சமநிலை கலங்கி உலகமே சுழலும். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். கிழிசல் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடும்வரை காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக்கூடாது, டொக்டர் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்தும் விடக்கூடாது. சில சொட்டு மருந்துகளில் இருக்கும் ஜென்ராமைசின் மாதிரியான மருந்து, கிழிசல் வழியாக உள்ளே போனால் உட்காதின் உணர்வுக் கலங்களையே கெடுக்கக்கூடியது. நல்லெண்ணெய்யில் உள்ளி போட்டுக் காய்ச்சி விடலாம் என்று அம்மம்மா சொல்லுவா. அன்போடு மறுத்துவிடுங்கள்.

*பலமாக ஊதிய பிறகு காது சட்டென்று கேட்காமல் போய், இரைச்சலும் தலைச்சுற்றும் விடாமல் இருந்தால்* சந்தேகம் உட்காதின் மேல் திரும்ப வேண்டும். நடுக்காதுக்கும் உட்காதுக்கும் இடையில் வட்டச் சாளரம் என்று மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மூக்கைப் பொத்தி முக்கி ஊதும்போது அது கிழிந்து உட்காதின் திரவம் கசியலாம். இதை ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது. ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பதானால் எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். டொக்டரைப் பார்க்கும்வரை தலையை உயர்த்திப் படுங்கள். மூக்கைச் சீறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மலச்சிக்கலில் முக்கவும் கூடாது. முக்கியமாக, அடைப்பை எடுக்கிறேன் என்று திரும்பவும் மூக்கைப் பொத்தி ஊதவே கூடாது. நான் வீட்டில் செய்தது அதைத்தான். என் காது அந்த வகையாக இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

*இறங்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, ஏறி வந்து சில நிமிடத்தில் அல்லது சில மணித்தியாலத்தில் தலை சுற்றி, சத்தி வந்து, நிற்க முடியாமல் போனால்*, அது காது டொக்டரின் வரிசையில் நம்பர் எடுத்துக் காத்திருக்கிற விஷயமே இல்லை. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், ஏறும்போது உட்காதில் குமிழியாகிவிட்டது என்று முதலில் நினைக்க வேண்டும். கை கால் விறைத்தாலும், மூட்டு நொந்தாலும், கதைக்கத் தடுமாறினாலும் அதே கதைதான். இதற்குத் தேவை 100 வீத ஒட்சிசன், பிறகு அழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைச் சுருக்குகிற அழுத்த அறை. படகிலேயே ஒட்சிசனைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒட்சிசன் இல்லாத படகில் ஏறாதீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதற்கு இதுவே காரணம்.

*அடுத்த நாளோ இரண்டு மூன்று நாள் கழித்தோ காது கடித்து, காதுமடலைப் பிடித்து இழுத்தால் உயிர் போகிற மாதிரி நொந்தால்* அது புறக்காதில் கிருமி. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல், அதைக் கொட்டன் பட் போட்டுச் சுரண்டிய கை, இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காதைச் சுத்தம் செய்து, சரியான சொட்டு மருந்து விட்டால் மாறும். வலிக்குப் பனடோல் போதும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் கொழும்பில் டெங்குவை மறக்கக்கூடாது, அதனால் புரூஃபன், அஸ்பிரின் பக்கம் போக வேண்டாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. வாயை மூடி 'ம்ம்ம்...' என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் கூடக் கேட்கிறது? அடைத்த காதிலேயே கூடக் கேட்டால் பிரச்சினை புறக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினால் உட்காதில் சந்தேகம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டர் நெற்றியில் இசைக்கவையை வைத்துக் கேட்பதும் இதையேதான், அவருடையது 512 ஹேர்ட்ஸில் துல்லியமாக ஒலிக்கும், அவ்வளவுதான். முனகல் நல்ல பதிலைச் சொன்னாலும் தலைச்சுற்று இருந்தால் அதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

கொழும்பில் எந்தக் கதவு

சரி, இப்போது எங்கே போவது?

அவசரம் இல்லாத நடுக்காது, புறக்காதுக்கு நாங்கள் எல்லோரும் செய்வது போல ஈஎன்டி (காது, மூக்கு, தொண்டை) நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணலாம், அதாவது முன்கூட்டியே நம்பர் எடுத்துத் தனியாரில் பார்க்கலாம். நவலோக, ஆசிரி, டேர்டன்ஸ், லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் என்று பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் ஈஎன்டி கன்சல்டன்ட்மார் பார்க்கிறார்கள். இ-சனலிங்கிலோ டொக் 990இலோ போனிலேயே நம்பர் எடுக்கலாம். வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரருக்கு ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். இங்கே கன்சல்டன்ட்மாரில் பலர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம்தான் தனியாருக்கு வருவார்கள். காலை பத்து மணிக்குப் போய் நின்று "ஈஎன்டி டொக்டர் எங்கே" என்றால் ஆள் இருக்க மாட்டார். அதே டொக்டரைக் காலையில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு சதமும் கொடுக்காமல் காணலாம், வரிசையில் நிற்கிற பொறுமை வேண்டும். தேசிய வைத்தியசாலை இருக்கிறது, வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை பக்கம். இரண்டிலும் முதலில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள், அங்கிருந்து கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

சனல் பண்ணும்போது ஒன்றைக் கேட்டு வையுங்கள்: அந்த நேரத்தில் ஓடியோகிராம் எடுக்க ஆள் இருக்குமா? செவிப்புலப் பரிசோதனை செய்கிறவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார், உங்கள் டொக்டர் ஆறு மணிக்கு வருவார், அப்புறம் அதற்கு இன்னொரு நாள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

உட்காது என்று சந்தேகமா? சனல் நம்பர் பன்னிரண்டாம் திகதிக்குத்தான் கிடைக்கிறது என்று வீட்டில் இருக்கக்கூடாது. 24 மணித்தியாலமும் திறந்திருக்கிற அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய், "டைவ் பண்ணினேன், காது திடீரென்று கேட்கவில்லை, இன்றைக்கே ஈஎன்டி டொக்டர் பார்க்க வேண்டும்" என்று அடித்துச் சொல்லுங்கள்.

குமிழி நோய் என்று சந்தேகமா? 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். அதோடு உங்களைக் கூட்டிப்போன டைவ் சென்டரை உடனே எழுப்புங்கள். சுழியோடிகளுக்கான அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. அது நாமாகக் கார் எடுத்துக்கொண்டு ஓடுகிற இடமில்லை. டொக்டர் கதைத்து ஒழுங்கு செய்ய வேண்டும். வழியில் ஒட்சிசனும் வேண்டும், மலைப் பாதையில் ஏறவும் கூடாது. டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரின் குரல் தேவையென்றால், 1980இல் தொடங்கிய டான் என்கிற சுழியோடிகள் உதவி அமைப்பின் அவசர இலக்கம் +1 919 684 9111. அமெரிக்க இலக்கம்தான், அவர்கள் எந்நேரமும் எடுப்பார்கள். உங்களைப் பார்க்கிற டொக்டருக்கே போனைக் கொடுத்து அவர்களோடு கதைக்க வைக்கலாம். "டைவிங் டொக்டர்" என்று நாம் தேடுகிற ஆள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறார், ஒரு போனின் மறுமுனையில்.

துண்டு

இரண்டாம் முறை, இந்தத் தடவை ஈஎன்டி டொக்டரிடம், போனபோது நான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். ஆங்கிலமும் டொக்டருக்கு முன்னால் இருந்தால் பாதி மறந்துவிடும். துண்டில் இருந்தது இவ்வளவுதான்:

"ஞாயிறு காலை 2 டைவ். கூடிய ஆழம் 8 மீற்றர், 11 மீற்றர். முதல் டைவில் இறங்கும்போது, ஏறக்குறைய 3 மீற்றரில் இடது காது குத்தியது. நிற்கவில்லை, பலமாக ஊதி இறங்கினேன். மெதுவாக ஏறினேன், 3 நிமிடம் நின்று ஏறினேன். மாஸ்க்கில் கொஞ்சம் இரத்தம். தலைச்சுற்று இல்லை, சத்தி இல்லை, இரைச்சல் இல்லை. 3 நாளாகத் தடிமன். காலையில் மூக்கடைப்புக் குளிசை ஒன்று போட்டேன்."

டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். கடைசி வரியில் பேனையால் தட்டினார். அந்தக் குளிசையின் வேகம் கடலுக்கு அடியில் தீர்ந்துவிட்டால், ஏறும்போது காற்று வெளியே வர வழியில்லாமல் காது மறுபக்கமாக வீங்கும் என்றார். அது நடக்காமல் போனதற்குக் காரணம் இரண்டு டைவும் சின்னதாக இருந்ததுதானாம். ஆழத்தையும் நேரத்தையும் பதிந்து வைக்கிற டைவ் கம்ப்யூட்டர் இருப்பவர், துண்டுக்குப் பதிலாக அதையே கையில் கட்டிக்கொண்டு போகலாம்.

பிறகு காதுக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். எனக்கும் திரையில் காட்டினார். முத்துச்சிப்பியின் உட்புறம் மாதிரி சாம்பல் பளபளப்போடு இருக்க வேண்டிய செவிப்பறை, உள்ளிப்பூண்டுச் சட்னி மாதிரி மங்கிச் சிவந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் சின்னக் குமிழி ஒன்று தண்ணீர் மட்டத்தில் மிதந்தது. "இது கடல் இல்லை, உங்கட இரத்தமும் நீரும்" என்றார். ஓடியோகிராமுக்கு இன்னொரு நாள் போனேன். அந்த அறை ஒரு பெரிய அலுமாரி அளவு. ஹெட்போனைப் போட்டு, சத்தம் கேட்கிறபோதெல்லாம் பட்டனை அமத்த வேண்டும். உள்ளே இருக்கிற அமைதியில் என் இதயம் அடிப்பதைச் சத்தம் என்று நினைத்து நான் இரண்டு தரம் அமத்தினேன். முடிவு: உட்காது நல்லது, நடுக்காதில்தான் தடை.

மருந்தென்று பெரிதாக ஒன்றுமில்லை. மூக்குக்கு ஒரு ஸ்பிரே, தேவையென்றால் பனடோல், ஆறு கிழமைக்குக் கடல் இல்லை. கிருமித் தொற்று இல்லாததால் அன்ரிபயோட்டிக்கும் தரவில்லை. முதல் டொக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார்.

விமானத்தைப் பற்றியும் கேட்டேன், அந்த மாதம் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. நீர் தேங்கிய காதோடு பறந்தால் விமானம் இறங்கும்போது வலி திரும்பவும் வரும், முடிந்தால் தள்ளிப் போடுங்கள் என்றார். காது சுகமாக இருந்தாலும் வேறொரு கணக்கு இருக்கிறது. ஒரேயொரு சாதாரண டைவ் என்றால் பறக்குமுன் குறைந்தது 12 மணித்தியாலம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணித்தியாலம் விட வேண்டும். இது விமானத்துக்கு மட்டுமான கணக்கில்லை, 600 மீற்றருக்கு மேல் ஏறுகிற பாதைக்கும் இதேதான். நிலாவெளியில் காலையில் சுழியோடிவிட்டுப் பின்னேரம் நுவரெலியா என்று பயணத் திட்டம் போடுகிற சொந்தக்காரர் எனக்கு வருடத்துக்கு ஒருவராவது இருக்கிறார்.

ஆறு கிழமை கழித்துத் திரும்பப் போனேன். டைவ் சென்டரின் மருத்துவப் படிவத்தில் "காதில் பிரச்சினை இருந்ததா" என்ற கேள்விக்கு இனி 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும், அதற்கு டொக்டரின் கையெழுத்தும் வேண்டும். அவர் படிவத்தைத் தொடவில்லை. முதலில் கருவியைக் காதில் வைத்தார்.

"மூக்கைப் பொத்துங்கோ. ஊத வேண்டாம். அப்படியே எச்சிலை விழுங்குங்கோ."

விழுங்கினேன்.

"இன்னொரு தரம்."

திரையில் சாம்பல் நிறச் செவிப்பறை ஒரு மயிரிழை உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் பேனையை எடுத்தார்.